அவசரமாக வளர்ந்த தசை

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கணக்கோடு தொடங்கலாம். இன்று காலை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவந்த கறிக்கோழிக் குஞ்சு ஒன்றைத் தராசில் வைத்தால் ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். இந்த 40-ஐ இரண்டால் பெருக்குங்கள்; வந்ததை மீண்டும் இரண்டால் பெருக்குங்கள். 80, 160, 320, 640, 1280, 2560. ஆறு முறை இரட்டித்ததும் இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிட்டோம். இன்றைய கறிக்கோழி இந்த ஆறு இரட்டிப்புகளையும் ஏறத்தாழ ஆறே வாரத்தில் முடித்துவிடுகிறது. 3 கிலோ எடையோடு பிறந்த மனிதக் குழந்தை இதே விகிதத்தில் வளர்ந்தால் ஆறு வாரத்தில் 192 கிலோ ஆகியிருக்கும்! தொட்டில் கட்டிய உத்தரம் தாங்குமா?

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். இவருக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பொருளின் நீள, அகல, உயரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, கன அளவு எட்டு மடங்கு ஆகும் என்ற பாடத்தை நடத்தும்போது, மேலே சொன்ன கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டினேன். உடனே ஒரு மாணவர் எழுந்து, "ஊசி போட்டுத்தானே சார் கோழியை ஊத வைக்கிறார்கள்?" என்றார். வகுப்பே தலையாட்டியது. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோதுதான் வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. ஊசி எதுவும் இல்லாமலேயே ஒரு பறவையை இவ்வளவு வேகமாக வளர்க்க முடியும். ஆனால் அந்த வேகத்தை அதன் நெஞ்சுத் தசையே தாங்கமாட்டாமல் போகிறது. ஏன் தாங்கவில்லை என்பதற்கு விடை உங்கள் இயற்பியல் புத்தகத்திலேயே பாதி இருக்கிறது.

ஊசியா, வம்சமா?

முதலில் ஊசிக் கதையை முடித்துவிடுவோம். கதைக்கு ஒரு சிறு மூலம் உண்டு. 1940-களின் பிற்பகுதியிலும் 1950-களிலும் அமெரிக்காவில் சேவல்களின் கழுத்துத் தோலுக்கடியில் ஒரு செயற்கை ஹார்மோன் குளிகையைப் பதித்து வளர்த்தார்கள். 1959-இல் அது நிறுத்தப்பட்டது. இன்று பல்லடத்துப் பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணையை எட்டிப் பாருங்கள். ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான பறவைகள். ஒவ்வொன்றையும் நாள்தோறும் பிடித்து ஊசி போடுவதென்றால் கோழி விற்ற காசு கூலிக்கே போய்விடும். வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அதைப் பெரும்பாலும் கண்ணில் சொட்டாக விடுவார்கள், அல்லது குடிநீரில் கலப்பார்கள். அது வளர்ச்சிக்கான மருந்தல்ல. (தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் கலப்பது உண்மையான ஒரு சிக்கல். 2019-இல் இந்தியாவில் கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்கக்கூடாதென்று தடை செய்தார்கள். ஆனால் அது தனிக் கதை.)

அப்படியானால் வேகம் எங்கிருந்து வந்தது? கனடாவிலுள்ள ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் ஓர் அழகான சோதனை செய்தார்கள். 1957-இல் இருந்த கறிக்கோழி வம்சம் ஒன்றையும், 1978-இல் இருந்த வம்சம் ஒன்றையும் அங்கே மாற்றம் எதுவும் செய்யாமல், தேர்ந்தெடுப்பு எதுவும் இல்லாமல், அப்படியே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். இவற்றோடு 2005-ஆம் ஆண்டின் வணிக வம்சம் ஒன்றையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே தீவனம் கொடுத்து, ஒரே விதமாக வளர்த்தார்கள். 56-ஆம் நாள் எடை பார்த்தார்கள். 1957 கோழி 905 கிராம். 1978 கோழி 1808 கிராம். 2005 கோழி 4202 கிராம்! 2014-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. மூன்று பறவைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் புகைப்படத்தைப் பார்த்தால் மூன்றும் ஒரே வயது என்று நம்பத் தோன்றாது.

இந்தச் சோதனையின் அமைப்பைக் கவனியுங்கள். தீவனம் ஒன்று, வயது ஒன்று, பராமரிப்பு ஒன்று. மாறியது வம்சம் மட்டுமே. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைப்பது என்று ஆய்வுக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். ஆகவே எடை வேறுபாட்டுக்குக் காரணம் வம்சம்தான் என்று துணிந்து சொல்லலாம். நல்ல தீவனமும், சூட்டையும் வெளிச்சத்தையும் கட்டுப்படுத்திய கொட்டகையும் உதவுகின்றன. ஆனால் 1957 கோழிக்கு அவ்வளவும் கொடுத்தும் அது ஒரு கிலோவைத் தொடவில்லை.

வம்சம் எப்படி மாறியது? இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1946-இல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி தொடங்கியது. ஏ அண்டு பி என்ற பெரிய மளிகைக்கடை நிறுவனம் பரிசுப் பணம் கொடுத்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையும் சேர்ந்துகொண்டது. அகன்ற நெஞ்சும் பருத்த தொடையும் கொண்ட ஒரு கோழியின் மெழுகு உருவத்தைச் செய்து வைத்து, 'இப்படி ஒன்றைக் கொண்டு வாருங்கள்' என்றார்கள். 1948-இல் டெலாவேர் மாநிலத்தில் நடந்த இறுதிப் போட்டியில், கார்னிஷ் இனத்தையும் நியூ ஹாம்ப்ஷைர் இனத்தையும் கலந்து உருவாக்கிய பறவையைக் கொண்டுவந்த கலிஃபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரஸ் வென்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் மிக வேகமாக வளர்ந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து இணை சேர்ப்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. மாட்டைப் போல ஆண்டுக்கு ஒரு கன்று என்றில்லாமல் கோழி சீக்கிரம் பருவமடைந்து நிறையக் குஞ்சு பொரிப்பதால், தேர்ந்தெடுப்பும் விரைவாக வேலை செய்தது.

தோல், எலும்பு இல்லாத நெஞ்சுக்கறிக்கு மேல்நாடுகளில் கிராக்கி மிகுந்தபோது, தேர்ந்தெடுப்பின் கண் நெஞ்சின்மேல் விழுந்தது. இன்றைய கறிக்கோழியின் உயிர் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நெஞ்சுத் தசை மட்டுமே.

எண்ணிக்கை கூடாது, பருமன் கூடும்

ஒரு தசையை உரித்துப் பார்த்தால் அது நீண்ட நார்களின் கட்டு என்பது தெரியும். ஒவ்வொரு தசைநாரும் ஒரு செல். வியப்பான செய்தி என்னவென்றால், குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே அதன் தசைநார்களின் எண்ணிக்கை ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. வெளியே வந்தபின் புதிய நார்கள் சேர்வதில்லை. இருக்கும் நார்களே நீண்டு தடிக்கின்றன. பிறந்த குஞ்சின் நெஞ்சில் ஒரு நாரின் குறுக்களவு 10 மைக்ரானுக்கும் குறைவு. (ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) ஆறு வாரத்தில் அது 50 மைக்ரானைத் தாண்டிவிடும். மெல்லிய தலைமுடி ஒன்றின் தடிமன் அது.

நாரின் உள்ளே வேலை நடக்க ஆக்சிஜன் வேண்டும். உண்டான கழிவு வெளியே போகவேண்டும். இரண்டையும் செய்வது நார்களுக்கிடையே ஓடும் தந்துகிகள், அதாவது மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள். தந்துகி நாரின் உள்ளே நுழைவதில்லை, பக்கத்தில்தான் ஓடுகிறது. அங்கிருந்து நாரின் நடுப்பகுதி வரை ஆக்சிஜன் தானாகவே பரவிச் செல்லவேண்டும். இதைத்தான் விரவல் என்கிறோம். ஊதுவத்தியின் மணம் காற்று வீசாத அறையில் மெல்லப் பரவுவதும் விரவல்தான்.

விரவலுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. தூரம் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் 10 மைக்ரான் தூரம் பரவ ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். 100 மைக்ரானுக்கு இரண்டரை வினாடி. 1 மில்லிமீட்டருக்கு நான்கு நிமிடத்திற்கு மேல். 1 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம்! நமக்கெல்லாம் இதயமும் இரத்த ஓட்டமும் தேவைப்படுவதற்குக் காரணம் இந்த ஒரு கணக்குதான். தசைக்குள் தந்துகிகள் எவ்வாறு திறந்து மூடி வேண்டிய அளவு ஆக்சிஜனைச் சேர்க்கின்றன என்பதை டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் ஆராய்ந்து, 1920-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு தந்துகி தன்னைச் சுற்றி ஓர் உருளை வடிவப் பகுதிக்கு ஆக்சிஜன் அளிக்கிறது என்று வைத்துக்கொண்டு அவர் போட்ட கணக்கை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். உருளைக்கிழங்கிலிருந்து 1 செ.மீ., 2 செ.மீ., 3 செ.மீ. பக்கமுள்ள மூன்று கனசதுரங்களை வெட்டுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தண்ணீரில் கரைத்து அதில் இரண்டு மணி நேரம் மூழ்க வையுங்கள். (ஆசிரியர் உடனிருக்கட்டும், கையில் பட்டால் கறை லேசில் போகாது. சோதித்த கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.) பிறகு குறுக்கே வெட்டிப் பாருங்கள். மூன்றிலும் கறை ஒரே ஆழத்திற்குத்தான் போயிருக்கும். அது 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1 செ.மீ. கட்டியில் நூற்றுக்கு 78 பங்கு கறை ஏறியிருக்கும். 2 செ.மீ. கட்டியில் 49 பங்கு. 3 செ.மீ. கட்டியிலோ 35 பங்குதான். எப்படி என்று நீங்களே கணக்கிடுங்கள். கறை ஏறாத நடுக்கட்டியின் பக்கம் முறையே 0.6, 1.6, 2.6 செ.மீ.

இந்த இடத்தில் என் மாணவர்கள் வழக்கமாக ஒரு தவறு செய்வார்கள். 'நெஞ்சுத் தசை தடிமனாக இருப்பதால் உள்ளே ஆக்சிஜன் போகவில்லை' என்று எழுதிவிடுவார்கள். தவறு. தசை கிழங்கைப் போலத் திடக்கட்டி அல்ல; உள்ளே எங்கும் குழாய்கள் ஓடுகின்றன. யானையின் தொடை இதைவிட எவ்வளவு தடிமன்! நாம் அளக்கவேண்டியது தசையின் தடிமனை அல்ல. தந்துகிக்கும் நாரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை. ஒரு நாரின் குறுக்களவு இரட்டித்தால் அதன் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும், ஆக்சிஜன் தேவையும் அதற்கேற்பக் கூடும். அதே சமயம் ஆக்சிஜன் கடக்கவேண்டிய தூரமும் இரட்டிக்கும். சுற்றியுள்ள தந்துகிகளும் அதே வேகத்தில் பெருகியிருந்தால் ஓரளவு ஈடுகட்டலாம். வேகமாக வளரும் கோழியின் நெஞ்சில் அவை அந்த வேகத்தில் பெருகவில்லை. பத்து வீடு இருந்த தெருவில் போட்ட தண்ணீர்க் குழாயை மாற்றாமல் அங்கே அடுக்குமாடி கட்டியது போலத்தான்.

போதாததற்கு, கோழியின் நெஞ்சு ஆதியிலேயே வெள்ளைத் தசை. புறாவின் நெஞ்சுக்கறி கருஞ்சிவப்பாக இருக்கும். கோழியின் நெஞ்சுக்கறி வெளுத்தும் தொடைக்கறி சற்றுக் கருத்தும் இருக்கும். புறா மணிக்கணக்கில் பறப்பது. அதன் நெஞ்சுக்கு ஆக்சிஜன் தொடர்ந்து வேண்டும். தந்துகிகளும் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மையோகுளோபின் என்ற சிவப்புப் பொருளும் நிறைய உண்டு. கோழி நாய்க்குப் பயந்து ஒரு நொடி படபடவென்று பறந்து கூரைமேல் ஏறினால் போதும். அதற்கு ஆக்சிஜன் இல்லாமலே கிளைக்கோஜனை எரித்து வேலை செய்யும் வெள்ளை நார்கள் போதுமானவை. அவ்வகைத் தசையில் தந்துகிகள் குறைவு. அப்படி எரிக்கும்போது லாக்டிக் அமிலம் சேரும். அதை அள்ளிச் செல்லவும் இரத்தம்தான் வேண்டும். சிறு தசையாக இருந்தவரை இந்த ஏற்பாட்டில் குறையில்லை.

கோடு, மரம், இடியாப்பம்

கறிக்கடையில் நெஞ்சுக்கறியை வாங்கும்போது கவனித்துப் பாருங்கள். சில துண்டுகளின்மேல், நார் ஓடும் திசையிலேயே, வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் இருக்கும். நான் முதலில் இதைச் சாதாரணக் கொழுப்பு என்றே நினைத்தேன். கொழுப்புதான், ஆனால் அது இருக்கும் இடம் ஒரு காலத்தில் தசைநார் இருந்த இடம். நார்கள் சிதைந்து மடிந்தபின், அவ்விடத்தைக் கொழுப்பும் இணைப்புத் திசுவும் நிரப்பியிருக்கின்றன. இதை 'வெண்கோடு' என்று அழைக்கலாம். 2000-களின் இறுதியிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள்.

இரண்டாவது கொஞ்சம் கடுமையானது. நெஞ்சுத் துண்டு வெளிறி, மேடு தட்டி, விரலால் அழுத்தினால் அழுந்தாமல் கட்டை போல இருக்கும். பெயரே 'மரநெஞ்சு'. 2014-இல் பின்லாந்தின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதை நுண்ணோக்கியில் பார்த்து விரிவாக விவரித்தார்கள். சிதைந்த நார்கள், அவற்றை அப்புறப்படுத்த வந்து குவிந்த வெள்ளை அணுக்கள், புதிதாக முளைக்க முயலும் மெல்லிய நார்கள், இடையிலெல்லாம் கொலாஜன் என்னும் உறுதியான புரதம். நமக்கு வெட்டுக்காயம் ஆறியபின் தழும்பு கெட்டியாக இருக்கிறதல்லவா? தசை முழுவதும் அப்படித் தழும்பேறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். உயிரோடிருக்கும் கோழியின் நெஞ்சிலேயே இந்தக் கெட்டியைத் தடவி உணரலாம்.

மூன்றாவதில் நேர்மாறு. நார்களைக் கட்டி வைத்திருக்கும் இணைப்புத் திசு தளர்ந்துபோய், கறியை விரலால் கிள்ளினாலே நூல் நூலாகப் பிரிந்து வரும். மேல்நாட்டார் தங்களுக்குத் தெரிந்த ஸ்பகெட்டியின் பெயரை இதற்கு வைத்தார்கள். அவர்கள் நம் பக்கம் வந்திருந்தால் இடியாப்பம் என்றே வைத்திருப்பார்கள்!

இவை எதற்கும் கிருமி காரணமல்ல என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதில்லை. தின்றவருக்கும் இவற்றால் நோய் வருவதில்லை. ஆனால் கறியின் தரம் இறங்குகிறது. புரதம் குறைந்து கொழுப்பும் கொலாஜனும் கூடுகின்றன. நீரைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவதால் சமைக்கும்போது சுருங்குகிறது. ஊறவைத்த மசாலாவும் சரியாக உள்ளே இறங்குவதில்லை. வேகமாக வளர்ந்த, எடை மிகுந்த பறவைகளில் இவை அதிகம். ஆகவே மூன்று கிலோவுக்கு மேல் வளர்த்து, எலும்பு நீக்கிய நெஞ்சாக விற்கும் நாடுகளில் இதனால் நட்டமும் அதிகம்.

எல்லாவற்றுக்கும் ஆக்சிஜன் பற்றாக்குறை ஒன்றே காரணமா? அப்படிச் சொல்லிவிட்டால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் உண்மை அவ்வளவு எளிதல்ல. பாதித்த தசையில் ஆக்சிஜன் குறைந்தபோது விழித்தெழும் மரபணுக்கள் செயல்படுவதைக் கண்டிருக்கிறார்கள். தந்துகிகள் குறைந்திருப்பதையும் கண்டிருக்கிறார்கள். மறுபுறம், வயது முதல் சில வாரங்களாக இருக்கும்போதே தசையின் சிறு சிரைகளைச் சுற்றி அழற்சி தோன்றுகிறது. தசைக்குள் கொழுப்பைக் கையாளும் முறையும் மாறியிருக்கிறது. எது முதலில், எது அதன் விளைவு என்ற விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தீ பிடித்த வீட்டில் எந்தப் பொறி முதலில் விழுந்தது என்று தேடுவது போன்ற வேலை.

கப்பியும் பச்சைத் தசையும்

மேலே சொன்ன மூன்றும் பெரும்பாலும் மேல் தசையில் வருவன. அதற்கு அடியில், நெஞ்செலும்பை ஒட்டினாற்போல், நீண்ட சிறு தசை ஒன்று உண்டு. எலும்பு நீக்கும்போது தனியே கழன்று வரும். இதன் வேலை என்ன தெரியுமா? இறக்கையை மேலே தூக்குவது. இறக்கைக்குக் கீழே இருக்கும் தசை எப்படி அதை மேலே தூக்கும்? தசை சுருங்கினால் இழுக்கத்தானே முடியும், தள்ள முடியாதே!

கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைக் கீழே இழுக்கிறோம். வாளி மேலே வருகிறது. நடுவில் கப்பி இருக்கிறது. பறவையின் தோளிலும் மூன்று எலும்புகள் கூடுமிடத்தில் ஒரு துளை உண்டு. இந்த உள்தசையின் நாண் அத்துளை வழியே மேலேறி வளைந்து இறக்கை எலும்பின் மேற்புறத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. தசை கீழ்நோக்கி இழுத்தால் இறக்கை மேலே எழும்புகிறது. கனமான தசைகள் இரண்டும் கீழே இருப்பதால் பறக்கும்போது புவியீர்ப்பு மையமும் தாழ்ந்திருக்கிறது. இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பை எந்தப் பொறியாளர் செய்திருப்பார்?

சிக்கனத்தில்தான் சங்கடமும் இருக்கிறது. இந்தத் தசை ஒரு பக்கம் எலும்பாலும் மறுபக்கம் விரிந்து கொடுக்காத உறையாலும் அடைபட்டிருக்கிறது. எந்தத் தசையும் கடுமையாக வேலை செய்யும்போது இரத்தம் பாய்ந்து வீங்கும். இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெருக்கும். பெருக்க இடமில்லாவிட்டால் அழுத்தம் உயரும். அழுத்தம் உயர்ந்தால் மெல்லிய சுவருள்ள இரத்தக் குழாய்கள் நசுங்கி மூடிக்கொள்ளும். இரத்தம் நின்றதும் தசை மடிகிறது. பிடிக்கும்போது மிரண்டு இறக்கையைச் சில நிமிடங்கள் படபடவென்று அடித்துக்கொண்டாலே, பருத்த கோழிக்கு இது நேரலாம். மடிந்த தசையிலிருக்கும் இரத்தச் சிவப்பு சிதைந்து நாளடைவில் பச்சையாகிறது; உங்களுக்கு அடிபட்ட இடம் சில நாளில் பச்சை பூப்பதும் இதே காரணத்தால்தான். 1968-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து வான்கோழிகளில் இதை விவரித்தார்கள். 'ஆரிகன் நோய்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறுத்து, துண்டு போட்டபின்தான் பச்சை நிறம் தெரியும்.

கை முறிந்து கட்டுப் போட்டவர்களுக்கு விரல் மரத்து, வெளிறி, வலி தாங்கமுடியாமல் போனால் உடனே மருத்துவரிடம் ஓடச் சொல்வதும் இதே இயற்பியலால்தான். அடைபட்ட இடத்தில் வீங்கும் தசை தன் இரத்தத்தைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

மரநெஞ்சு முற்றிய கோழிகளிலும் இறக்கையின் இயக்கம் குறைகிறது. நல்ல கோழியின் இரண்டு இறக்கைகளையும் பிடித்து மேலே தூக்கினால் முதுகின்மேல் ஒன்றையொன்று தொடும். முற்றிய மரநெஞ்சு உள்ளதில் தொடுவதில்லை. உயிரோடிருக்கும்போதே இதைக் கண்டறிய ஜப்பானில் இந்த எளிய முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கறியின் தரம் பற்றிய பேச்சில் நாம் மறந்துவிடும் செய்தி ஒன்று இதில் இருக்கிறது. அறுத்த பிறகு தோன்றிய குறையல்ல இது. அந்தப் பறவை அந்தத் தசையோடுதான் நடந்து திரிந்தது.

வளைந்தால் நல்லது

மரநெஞ்சை எப்படிப் பிரித்தெடுப்பது? தொழிற்சாலையில் நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கில் ஓடும் துண்டுகளை ஆட்கள் நின்று கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரிலுள்ள வேளாண்மைத் துறை ஆய்வகம் இதற்கு ஒரு வழி கண்டது. நகரும் பட்டையின் நுனியிலிருந்து துண்டு வெளியே நீளும்போது பக்கவாட்டில் ஒரு கேமரா படம் பிடிக்கிறது. நல்ல நெஞ்சு தன் எடையால் தொங்கி வளையும். மரநெஞ்சு பலகை போல நீட்டிக்கொண்டே நிற்கும். வளைவைக் கணிப்பொறி அளந்து பிரித்துவிடுகிறது. பிளஸ் டூ மாணவர்களே, மேசை விளிம்பில் மீட்டர் அளவுகோலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறுநுனியில் எடை தொங்கவிட்டுத் தாழ்வை அளப்போமே, அதே சோதனைதான்! இதற்கெல்லாம் என்ன பயன் என்று இனி யாரும் என்னைக் கேட்கமாட்டீர்கள்.

பிரித்தெடுப்பது வேறு, வராமல் தடுப்பது வேறு. முதல் வாரங்களில் தீவனத்தின் சத்தைச் சற்றுக் குறைத்து வளர்ச்சியை மட்டுப்படுத்தினால் மரநெஞ்சு குறைகிறது. கூடவே நெஞ்சின் எடையும் குறைந்துவிடுகிறது. வளர்ப்பு நிறுவனங்கள் இந்தக் குறைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு இணை சேர்க்கத் தொடங்கியிருக்கின்றன. பலன் தெரியத் தலைமுறைகள் ஆகும்.

மெதுவாக வளரும் வம்சத்தையே வளர்த்தால் என்ன? பிரான்சில் 'லேபல் ரூஜ்' என்ற சிவப்புச் சீட்டுக் கோழியை 81 நாளுக்கு முன் அறுக்கக்கூடாதென்பது விதி. அதற்குள் அது ஏறத்தாழ 2.2 கிலோ ஆகும். நாளொன்றுக்கு எவ்வளவு கூடியது என்று பாருங்கள்: சுமார் 27 கிராம். நம் கணக்கின் ஆறு வாரக் கோழியோ நாளொன்றுக்கு 60 கிராம் கூடியது. மெதுவாக வளர்ந்ததன் நெஞ்சில் கோடும் மரமும் அரிது. ஆனால் ஒவ்வொரு நாளும் உயிரோடிருக்கவே, உடம்புச் சூட்டைக் காக்கவே, தீவனம் செலவாகிறதல்லவா? வேகமான கோழி ஒரு கிலோ எடை கூட ஏறத்தாழ 1.6 கிலோ தீவனம் தின்கிறது. 81 நாள் கோழி ஏறத்தாழ 3 கிலோ தின்கிறது. 2.2 கிலோக் கோழி ஒவ்வொன்றுக்கும் மூன்று கிலோ மக்காச்சோளமும் சோயாவும் கூடுதலாக வேண்டும். அதை விளைவிக்க நிலமும் தண்ணீரும் வேண்டும். கடையில் விலையும் அதற்கேற்ப ஏறும். உங்கள் ஊரில் ஒரு வாரத்தில் எத்தனை கோழி விற்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டு, இந்தக் கூடுதல் தீவனத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். கணக்கை எனக்கு எழுதி அனுப்பினால் வகுப்பில் அந்த மாணவரிடம் காட்டுவேன். ஊசியை விட்டுவிட்டு அவர் இப்போது தீவனத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்.